எட்டாவது கை

நொச்சிமேட்டுப் பஞ்சாயத்தில் 1960-ஆம் வருஷம் பதினைந்து உறுப்பினர்கள். பதினான்கு பேர் ஆண்கள். மீசையை முறுக்குகிறவர்கள், கைநாட்டு வைக்கிறவர்கள், எழுந்து பேசச் சொன்னால் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்கிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. பதினைந்தாவது ஆள் ராஜம்மாள். அந்தப் பதினான்கு பேரும் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துத்தான் வருஷக்கணக்கில் நடந்துகொண்டார்கள். பயமா என்று கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மரியாதை என்பார்கள். சரி, மரியாதை என்றே வைத்துக்கொள்வோம்.

ராஜம்மாள் பிறந்தது அடி அண்ணாமலையில். ஐந்தாவது வரை படிப்பு. பதினேழு வயதில், மலைக்குப் பின்னால் இரண்டு மைல் தள்ளி இருக்கும் நொச்சிமேட்டில் வேணுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஊரில் மூன்று தெரு. மேட்டுத் தெருவில் வேணுவின் அண்ணன் தருமன் பூர்வீக வீட்டில் இருந்தார். அவர்தான் பஞ்சாயத்துத் தலைவர். பாகம் பிரித்தபோது தம்பிக்கு வந்தது பள்ளத் தெருவில் ஓர் ஓலை வீடும், வானம் பார்த்த ஒண்ணரை ஏக்கர் நிலமும். வேணு அதைக் குறையாக நினைக்கவே இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவனுக்கு அது மலையே இறங்கி வந்து சொன்ன மாதிரி. மூன்றாவது தெரு, ஏரிக்கரைத் தெரு. அது தருமனுக்கு ஆகாத தெரு. அங்கே ராமதாஸ் என்கிற அரிசி மில் முதலாளியின் செல்வாக்கு.

பள்ளத் தெருவுக்குக் கிணறு கிடையாது. ஒரு குட்டைதான். மாடும் அதில்தான் இறங்கும், மனுஷனும் அதில்தான் மொள்ள வேண்டும். மேட்டுத் தெருக் கிணற்றில் அந்தத் தெருவுக்கே தண்ணீர் கம்மி என்று கீழே இருக்கிறவர்களை விடமாட்டார்கள். 1953-இல் ஐப்பசி மழைக்குப் பிறகு ராஜம்மாளின் மூத்தவன் ஏழுமலைக்கு, அப்போது அவனுக்கு இரண்டரை வயது, காலையில் வாந்திபேதி கண்டது. மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஓட்டினார்கள். வண்டி ஊர் எல்லையைத் தொடும் முன்பே குழந்தையின் கை அவள் புடவைத் தலைப்பை விட்டுவிட்டது. பிறகு அந்தத் தெருவுக்கு ஊசி போட வந்த கம்பவுண்டர் குட்டையைப் பார்த்துவிட்டு, இதைக் குடித்துக்கொண்டு நீங்கள் இத்தனை பேர் உயிரோடு இருப்பதே அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த ஒரே எண்ணம். பள்ளத் தெருவுக்கு ஒரு கிணறு. அடுத்துப் பிறந்த பெண் சந்திரகலா அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடித்து வளரக்கூடாது. அவள் போய்த் தருமனிடம் கேட்டாள். பார்க்கலாம்மா என்றார். மறு வருஷம் கேட்டாள். பார்க்கலாம்மா என்றார். நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து தெருவெல்லாம் நடக்க விட்டாள். அவர் கடைசியில் புளியமரத்து மூலையில் போய் நின்று, இங்கேதான் நல்ல தண்ணீர், மற்ற இடமெல்லாம் உப்பு என்றார். அந்த மூலை ராமதாஸின் பட்டா நிலம். தருமனுக்கு அது வசதியாகப் போயிற்று. அவன் இடத்தை அவன் கொடுப்பானா, நான் போய்க் கேட்பேனா என்று கையை விரித்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு தேர்தல் வந்தது. பள்ளத் தெரு மொத்தமும் தருமனுக்குப் போட்டது. ஏரிக்கரைத் தெரு மொத்தமும் அவருக்கு எதிராகப் போட்டது. அப்படியும் தருமன் ஜெயித்தார். ஜெயித்த ஆறாவது மாதம் ஏரிக்கரைத் தெருவுக்கு ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் வந்தது. பள்ளத் தெருவுக்கு வழக்கம்போல் பார்க்கலாம் வந்தது. ராஜம்மாளுக்கு விளங்கவில்லை. வேணு அண்ணனிடம் கேட்டுவிட்டு வந்து, அவர் சொன்னதைப் பெருமையோடு சொன்னான். அவர்களை நம் பக்கம் இழுக்க வேண்டாமா, அதற்குத்தான் பாலம், நம் தெரு எங்கே போய்விடப் போகிறது, அது நம் வீட்டு ஓட்டு என்றாராம்.

அப்போது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கே அவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அன்பாக இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, எந்தப் பக்கம் போவார்களோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். பெரிய பெரிய ராஜ்யங்களை ஆண்டவர்கள் கண்டுபிடித்த சங்கதி என்று படித்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அவள் அதை அடுப்பங்கரையில் கண்டுபிடித்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

1960-இல் மறுபடி தேர்தல். இந்தத் தடவை தருமன் பக்கம் ஏழு பேர், ராமதாஸ் பக்கம் ஏழு பேர் ஜெயித்து வந்தார்கள். பெண் ஒருத்தி உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும், யாரும் ஜெயித்து வராவிட்டால் உறுப்பினர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். ராமதாஸ் பக்கத்து வீடுகளில் பெண்கள் ஆண்கள் கூட்டத்தில் வந்து உட்கார ஒப்பவில்லை. தருமன் தம்பி பெண்டாட்டி பேரைச் சொன்னார். கையெழுத்துப் போடத் தெரியும், நாலு பேர் முன்னால் பேச மாட்டாள், வேறென்ன வேண்டும்? ராமதாஸும் சரி என்றார். வேணு சாது, அவனைப் பேசி மசிய வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு வாரம் கழித்துத் தலைவர் தேர்தல். உறுப்பினர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழும் ஏழும் போக எட்டாவது கை ராஜம்மாளுடையது.

இங்கேதான் நொச்சிமேட்டுப் பெரிய மனிதர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை தீபத்து நேரம். திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடியிருந்தது. தருமன் ஒரு வாடகைக் காரோடு வந்து, உழவு மாடு பார்த்து வரலாம் வாடா என்று வேணுவைக் கூப்பிட்டார். அண்ணன் காரில் கூப்பிடுகிறாரே என்று வேணு வேட்டியை மாற்றிக்கொண்டு ஏறினான். கார் சந்தைக்குப் போகவில்லை. அடி அண்ணாமலை கோயில் வாசலில் நின்றது, பிறகு நேராகச் சாத்தனூர் அணைக்குப் போனது. அணை கட்டி முடித்துப் பூங்காவெல்லாம் போட்டிருந்த புதிது. அதன் பக்கத்தில் தெரிந்தவர் வீடு ஒன்றில் வேணுவை உட்கார வைத்து, இரண்டு ஆளையும் காவலுக்குப் போட்டு, தேர்தல் முடிகிற வரை இங்கேயே இரு, வேளாவேளைக்குச் சாப்பாடு வரும் என்று சொல்லிவிட்டுத் தருமன் திரும்பினார். ராமதாஸின் ஆட்கள் தம்பியை வளைத்துவிடக் கூடாதல்லவா?

ஓட்டு ராஜம்மாளுக்கு. கடத்தியது வேணுவை. ஓட்டே இல்லாத மனுஷனைச் சாத்தனூரில் மீன் குழம்பு போட்டு வைத்திருந்தார்கள். ஓட்டு இருக்கிறவள் வீட்டில் தனியாக வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் ஓட்டு அவள் புருஷன் மடியில்தான் இருக்கும் என்பதில் தருமனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவர் ஒருத்தர்தான் அப்படி என்றால் போகட்டும். ராமதாஸும் அதே தப்பைச் செய்தார். வேணுவைக் காணோம் என்றதும் இரண்டு நாள் அவரது ஆட்கள் சந்தை, பஸ் ஸ்டாண்டு, செங்கம் ரோடு என்று சல்லடை போட்டுச் சலித்தார்கள். ராஜம்மாள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள். உள்ளே ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

ராமதாஸின் மனைவி கஸ்தூரிக்குத்தான் கடைசியில் உறைத்தது. மூன்றாம் நாள் காலையில் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ, ஒரு பட்டுப் புடவை என்று எடுத்துக்கொண்டு பள்ளத் தெருவுக்கு வந்தாள். ராஜம்மாள் பாய் விரித்து உட்கார வைத்தாள். பூவையும் மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு புடவையைத் தாம்பாளத்திலேயே விட்டாள்.

"புடவை எனக்கு வாணாங்க," என்றாள். "புளியமரத்து மூலையில ரெண்டு சென்ட் இடம் வேணும். என் பேருக்கு வாணாம், பஞ்சாயத்து பேருக்கு. ஓட்டு போடறதுக்கு முன்னாடி பத்திரம் ரிஜிஸ்டர் ஆகணும். முத்திரையை நான் கண்ணால பாக்கணும்."

கஸ்தூரி தாம்பாளத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினாள். முதலில் ஜெயிக்கட்டும், அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்றாள். ராஜம்மாள் சிரித்தாள்.

"ஓட்டு என் கையில இருக்கிற வரைக்கும் தாங்க நீங்க இந்தப் பாயில உக்காருவீங்க. போட்டப்புறம் நான் உங்க வாசல்ல வந்து நிக்கணும். ஏழு வருஷமா ஒரு வாசல்ல நின்னு பாத்துட்டேன்."

கஸ்தூரி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனாள். ராமதாஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது என்றும், மில் வாசலில் நின்று கத்தினார் என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள். கத்தட்டும். தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள்.

அன்று மத்தியானமே தருமன் வந்துவிட்டார். பட்டுப் புடவை பள்ளத் தெருவுக்குள் வந்து போன செய்தி அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. அதட்டவும் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். வேணு என் ஆட்களோடு பத்திரமாக இருக்கிறான், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான் என்றார். வேணு காரில் போகிற வழியில் அடி அண்ணாமலை கோயில் வாசலில் நின்று, மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான் என்றார். என் வீட்டு ஓட்டு அண்ணனுக்குத்தான், மாறினால் என் மகள் எனக்கில்லை என்று சந்திரகலா பேரைச் சொல்லி அடித்திருக்கிறான்.

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லலம்மா. அவனாத்தான் சொன்னான்," என்றார் தருமன். "இனிமே உன் இஷ்டம். கை உன்னுது, கொழந்தையும் உன்னுது."

அவர் போன பிறகு ராஜம்மாள் எழுந்திருக்கவே இல்லை. ஊரில் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தைத் தாண்டியவர்கள் கதைகள் அவளுக்கும் தெரியும். சத்தியம் பொய்த்த வீட்டில் விளக்கு எரியாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள்தான் அவளும். வேணுவை நினைத்தால் அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பெற்ற பிள்ளையை அடகு வைத்துவிட்டு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் வார்த்தையை அவன் தட்ட மாட்டான், சரி. அதற்கு இதுவா?

மறுநாள் சாயங்காலம் சந்திரகலாவுக்கு உடம்பு சுட்டது.

ராஜம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அனல். நெற்றியில் ஈரத்துணி போட்டாள், கஷாயம் வைத்தாள், துப்பிவிட்டது குழந்தை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, வேண்டாம் ராஜம்மா, கையை உன் தருமன் மாமா பக்கமே தூக்கிவிடு, கிணறு எங்கே ஓடிவிடப் போகிறது என்று கெஞ்சினாள். வாசலில் இருந்து பார்த்தால் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. அந்தத் தீபத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து கும்பிட்ட மலையைப் பார்க்க ஒரு தாய்க்குப் பயம் வரவைத்த புண்ணியம் தருமனுக்கு.

குழந்தை தாகம் என்றது. ராஜம்மாள் குடத்தைச் சாய்த்து மொண்டாள். குட்டைத் தண்ணீர். காய்ச்சி வடிகட்டியதுதான், அப்படியும் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழுமலை போனபோது யாரும் எந்தச் சத்தியமும் செய்திருக்கவில்லை. எந்தக் கற்பூரத்தையும் யாரும் அடிக்கவில்லை. அவன் தண்ணீர் குடித்துச் செத்தான். சாமி கோபித்துக்கொண்டு எடுத்தது ஒன்றுமில்லை, இந்தக் குட்டை எடுத்தது. அவ்வளவு நேரம் கிடுகிடுத்த மனம் அந்த இடத்தில் கெட்டியானது. பயம் போனது என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் முடிவு செய்தாள்.

தேர்தலன்று காலை எட்டரை மணிக்குக் கஸ்தூரி வந்தாள். கையில் பத்திரம். முந்தின நாள் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவானது, முத்திரையோடு இருந்தது. ராஜம்மாள் திண்டாடித் திண்டாடி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பஞ்சாயத்து, புளியமரம், இரண்டு சென்ட் என்கிற மூன்று சொல்லையும் கண்டுபிடித்த பிறகு பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கிணறு வெட்டித் தண்ணீர் வருகிற வரை இந்தக் கை இந்தப் பக்கம், வேலை நின்றால் கை அந்தப் பக்கம் போகும் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். கஸ்தூரி தலையாட்டினாள். அந்த இரண்டு பெண்களும் அன்றைக்கு ஒருத்தரை ஒருத்தர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடக் கட்டிடத்தில் கூட்டம். காய்ச்சல் விடாத பெண்ணை வீட்டில் விட மனமில்லாமல் இடது தோளில் சாய்த்துக்கொண்டு ராஜம்மாள் வந்தாள். ஆறு வயசுக் குழந்தை, கால் இரண்டும் அவள் முழங்கால் வரை தொங்கின. தேர்தல் நடத்த வந்த அதிகாரி முதலில் தருமன் பேரைச் சொல்லி ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஏழு கை எழுந்தது. எட்டாவதுக்காக எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"கையைத் தூக்கும்மா," என்றார் தருமன். "கொழந்தைய நான் புடிச்சிக்கட்டுமா?"

அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதிகாரி ஏழு என்று எழுதினார். பிறகு ராமதாஸ் பேரைச் சொன்னார். ஏழு கை எழுந்தது. ராஜம்மாளின் வலது கை மெதுவாக மேலே போனது. கீழே இறங்கவில்லை. அதிகாரி எட்டு என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

சாயங்காலம் வேணுவைக் காரில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டார்கள். அவன் நடந்து வந்து, வாசலில் இருந்த செம்பைக் காலால் தட்டிவிட்டு, நேராகக் குழந்தை படுத்திருந்த இடத்துக்குப் போய் அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. அது வரை பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விட்ட பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினான்.

"சத்தியம் பண்ணது நானு. பலன் எனக்கு வரட்டும், கொழந்தைக்கு வாணாம்னு மலைகிட்ட கேட்டுக்கிட்டேன். அந்தக் கெணறு வந்தா அதுல ஒரு சொட்டு நான் குடிக்க மாட்டேன். எனக்கு அந்தக் குட்டைதான்."

கோபத்தில் சொல்கிறான், நாலு நாளில் சரியாகிவிடும் என்று ராஜம்மாள் நினைத்தாள். அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். அது கோபமே இல்லை. அவன் மலையோடு ஒரு பேரம் முடித்துவிட்டு வந்திருந்தான்.

கிணறு வந்தது. ராமதாஸ் நடுவில் ஒரு தடவை வேலையை நிறுத்தினார். அடுத்த கூட்டத்தில் ராஜம்மாள் தருமன் பக்கத்துப் பெஞ்சியில் போய்ச் சும்மா உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மறுநாளே வெடி வைக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். பாறையைப் பிளந்து முப்பத்திரண்டு அடியில் தண்ணீர். வெல்லம் மாதிரி இனித்தது என்று பள்ளத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வாந்திபேதியில் ஒரு குழந்தை போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை, தெருவுக்கு விளக்கு என்று ஒவ்வொன்றையும் அவள் அதே மாதிரிதான் வாங்கினாள். யாரோடும் சண்டை போடவில்லை, யாரையும் புகழவும் இல்லை. இரண்டு பக்கமும் ஏழு ஏழாகவே இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டாள்.

வேணு மட்டும் தினமும் தனிக்குடத்தோடு குட்டைக்குப் போனான். தெருவே சொல்லிப் பார்த்தது. சந்திரகலா கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து அப்பா முன்னால் நீட்டி அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான். ராஜம்மாள் அவன் குடத்தை வாங்கி, சீரகம் போட்டுக் காய்ச்சி, மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி வைத்தாள். ஒரு நாள் திருட்டுத்தனமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தாள். ஒரு வாய் வைத்ததுமே கீழே துப்பிவிட்டான். குட்டைத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு இனிப்பு தெரியாமல் போகுமா?

1963 ஐப்பசியில், வயலில் இருந்தபோது தாகத்துக்குக் குட்டையிலேயே கையால் மொண்டு குடித்துவிட்டான் போலிருக்கிறது. வாந்திபேதி. ஏழுமலையைக் கொண்டுபோன அதே பாதையில் மாட்டு வண்டி போனது. இந்தத் தடவை வண்டி ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்ந்தது. எட்டு நாள் ஊசியிலேயே கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். வந்த மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனான். கிணறு வாங்கிக் கொடுத்தவள் என்று ஊரெல்லாம் அவளைக் கொண்டாடியது. அவள் வீட்டிலேயே ஒருத்தன் அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடிக்காமல் சாவை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

அந்த மாதமே ராமதாஸ் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரத் தருமன் ஏற்பாடு செய்தார். ஏழு கை இருந்தது. எட்டாவது வேண்டும். மூன்று வருஷமாகத் தம்பி வீட்டு வாசலை மிதிக்காதவர், இந்தத் தடவை வாழைப்பழச் சீப்போடு உள்ளேயே வந்து உட்கார்ந்தார். என்ன வேண்டும் சொல்லும்மா, ரோடா, ரேடியோவா, இந்தத் தெருவுக்குக் குழாயா என்று அவரே பட்டியல் போட்டார்.

ராஜம்மாள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அதெல்லாம் வாணாம் மாமா. நாளைக்கு மீட்டிங்குக்கு முன்னாடி, இன்னிக்கே, கெணத்தடிக்கு வாங்க. அவர் எதிரிலே நீங்க அந்தத் தண்ணியைக் குடிச்சி, அந்தச் சத்தியத்தை விட்டுட்டேன்னு சொல்லுங்க. அவர் குடிக்கணும். என் கையோட வெல அவ்வளவுதான்."

அவர் தயங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். ராமதாஸ் வெட்டிய கிணறு, தன்னைத் தோற்கடித்த கிணறு, மேட்டுத் தெருக்காரருக்கு மானப் பிரச்சினை அல்லவா? அவர் தயங்கவே இல்லை. இவ்வளவுதானே என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இவ்வளவு சுலபமா என்று நினைத்தபடி அவள் அவருக்குப் பின்னால் நடந்தாள்.

கிணற்றடியில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். வேணு அப்போதுதான் குட்டைக்குப் போகக் காலிக் குடத்தோடு அந்த வழியாக வந்தான். அண்ணனைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகும் அண்ணன் முன்னால் அவனுக்குத் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. தருமன் தாமே கயிற்றை இழுத்து, செம்பில் ஊற்றி, அண்ணாந்து மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான்டா இருக்கு," என்றார். "குடிடா. நான் விட்டுட்டேன்."

வேணுவுக்குப் புரியவில்லை. எதை அண்ணா என்று கேட்டான்.

"அதான்டா, அந்தச் சத்தியம். அட, அதையா இத்தினி வருஷமா வெச்சினு இருக்கே? நான்தானே கொழந்த பேரைச் சொல்லி அடிடான்னு சொன்னேன், நானே சொல்றேன், விட்டுடு. அது எலெக்‌ஷனுக்காகச் சொன்னதுடா."

வேணு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்காகத்தான் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனா என்று அவன் கேட்கவில்லை. அவன் கண்ணில் அது இருந்தது. தருமன் செம்பை மறுபடி நிரப்பித் தம்பி பக்கம் நீட்டினார். வேணு அதைக் கையில் வாங்கி, ஒரு துளி சிந்தாமல் கிணற்று மேடைமேல் வைத்தான். பிறகு குனிந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தான்.

ராஜம்மாள் பின்னாலேயே ஓடினாள். ஓடிப்போய் அவன் முன்னால் நின்றுகொண்டாள்.

"இன்னும் எங்கங்க போறீங்க? அவரே விட்டுட்டேன்னு சொல்லிட்டாரே."

வேணு அவளைக் கோபமில்லாமல் பார்த்தான். பாவம், இவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்பது போலப் பார்த்தான்.

"அவர்கிட்டயா நான் சத்தியம் பண்ணேன்?" என்றான்.

பின்னாலிருந்து தருமன், நாளைக்குப் பதினோரு மணி, மறந்துடாதேம்மா என்று குரல் கொடுத்தார். பஞ்சாயத்தில் பதினான்கு பேரையும் ஆட்டிவைத்தவள் வழியில் அப்படியே நின்றாள். என்ன கொடுத்தால் இவன் குடிப்பான் என்று யோசித்துப் பார்த்தாள். அவனுக்கு வேண்டியது எதுவும் அவளிடம் இல்லை. வேணு அவளைச் சுற்றிக்கொண்டு குட்டைப் பக்கம் இறங்கிப் போனான்.